சுற்றுலாத் தகவல் மையத்தில் வேலை: கவுண்டரில் நிற்பவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"அருங்காட்சியகம் எத்தனை மணிக்கு மூடும்?" என்று இரண்டு குழந்தைகளோடு வந்த ஒரு பெண் கேட்கிறார். "5 மணிக்கு" என்கிறீர்கள். பதிலில் தவறு எதுவும் இல்லை. அவர் சிரித்த முகத்தோடு கிளம்புகிறார். அப்போது மணி 3.45. பஸ்ஸுக்குக் காத்திருக்க 10 நிமிடம், பயணம் 25 நிமிடம், இறங்கி நடக்க 5 நிமிடம். போய்ச் சேரும்போது மணி 4.25. ஆனால் உள்ளே விடுவதை 4 மணியோடு நிறுத்திவிட்டார்கள். மூடிய கதவுக்கு முன்னால் இரண்டு குழந்தைகளையும் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

சுற்றுலாத் தகவல் மையத்தில் சொல்லும் பதில் கவுண்டரில் சரியாக இருந்தால் போதாது. வாசலைத் தாண்டிப் போன பிறகும் அது வேலை செய்ய வேண்டும். நம்மிடம் வருகிறவருக்கு இந்த ஊரில் பெரும்பாலும் ஒரு நாள்தான் இருக்கும், சில சமயம் ஒரு பிற்பகல் மட்டுமே. பல வருடம் கவுண்டருக்குப் பின்னால் நின்றதில் எனக்குப் பிடிபட்டவற்றை, புதிதாகச் சேர்கிறவர்களுக்காகப் படிப்படியாக எழுதுகிறேன்.

1. சேர்வதற்கு முன்

சுற்றுலா மேலாண்மைப் பட்டம் இருந்தால் நல்லது. ஆனால் கவுண்டரில் அதைவிட அதிகம் கைகொடுப்பது மொழியும் ஊர் ஞானமும்தான். தாய்மொழி தவிர இன்னொரு மொழியில் தடுமாறாமல் பேச வர வேண்டும். ஐரோப்பிய மொழி அளவுகோலில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் உண்டு. வழி சொல்ல, நேரம் சொல்ல பி1 போதும். கோபமாக வருகிறவரின் புகாரைக் கேட்டுப் பதில் சொல்ல பி2 வேண்டியிருக்கும். விளம்பரத்தில் எதைக் கேட்டிருந்தாலும் உங்கள் நிலையை உள்ளபடியே சொல்லுங்கள். முதல் வாரத்திலேயே அது தெரிந்துவிடும்.

நேர்காணலில் பெரும்பாலும் ஒரு நடிப்புச் சோதனை இருக்கும். எதிரே இருப்பவர் பயணியாக மாறி, "எனக்கு அரை நாள் இருக்கிறது, என்ன பார்க்கலாம்?" என்பார். தெரிந்த இடங்களையெல்லாம் வரிசையாக ஒப்பிக்கத் தோன்றும். அடக்கிக்கொள்ளுங்கள். "நடந்து போகிறீர்களா, வண்டி இருக்கிறதா? கூட யார் வந்திருக்கிறார்கள்?" என்று முதலில் நீங்கள் கேளுங்கள். நான் எதிர்ப் பக்கம் உட்கார்ந்து ஆள் எடுத்தபோது இதைத்தான் முதலில் கவனித்தேன்.

2. மையம் யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள்

வெளியே எல்லா மையத்துக்கும் ஒரே மாதிரிப் பலகைதான். உள்ளே ஒவ்வொன்றும் வேறு. சில மையங்களை உள்ளாட்சியோ சுற்றுலாத் துறையோ நடத்துகின்றன. சிலவற்றை ஹோட்டல்களும் கடைகளும் உறுப்பினராக இருக்கும் சங்கம் நடத்துகிறது. இன்னும் சிலவற்றில் முன்பதிவு, டிக்கெட் விற்பனை, நினைவுப் பொருள் விற்பனை எல்லாம் உண்டு. முதல் நாளே மூன்று கேள்விகளுக்குப் பதில் வாங்கிவிடுங்கள்: செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, எதற்காவது கமிஷன் உண்டா, தனியார் இடங்களைப் பெயர் சொல்லிப் பரிந்துரைக்க நமக்கு அனுமதி இருக்கிறதா. மூன்றாவது கேள்வியின் பதில் உங்கள் ஒவ்வொரு நாளையும் தொடும்.

இந்தச் சேவைக்கென்றே 2014இல் ஐஎஸ்ஓ 14785 என்ற சர்வதேசத் தரநிலை வந்தது. தகவல் மையம் பயணிகளை எப்படி வரவேற்க வேண்டும், தகவலை எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதற்கான குறைந்தபட்சத் தேவைகளை அது சொல்கிறது. உங்கள் மையம் அதைப் பின்பற்றினால் அதன் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

அப்புறம் அந்தப் பலகையைப் பற்றி ஒரு சின்னச் செய்தி. உலகின் பெரும்பகுதியில் தகவலுக்கு அடையாளம் 'ஐ' என்ற ரோமன் எழுத்து. ஜப்பானில் பொது இடங்களின் குறியீடுகளுக்கான தரநிலையில் இரண்டு வைத்திருக்கிறார்கள். ஆள் இருந்து பதில் சொல்லும் இடத்துக்குக் கேள்விக்குறி, தகவல் பலகையும் பிரசுரங்களும் மட்டும் இருக்கும் இடத்துக்கு 'ஐ'. எனக்கு அந்தக் கேள்விக்குறி ரொம்பப் பிடிக்கும். கேட்பதற்கு ஒரு மனிதர் இருக்கிறார் என்று அது சொல்கிறது. பிரசுரம் சொல்வதையே நாமும் திருப்பிச் சொன்னால் அங்கே நாம் நிற்க வேண்டிய அவசியம் இல்லை.

3. ஊரை நடந்து பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஏரிக்கரை நடைபாதை எப்படி என்று கேட்ட வயதான தம்பதியிடம் "சமதளம்தான், தாராளமாகப் போகலாம்" என்று சொல்லி அனுப்பினேன். நான் அந்தப் பாதையின் முதல் பாதியை மட்டும்தான் பார்த்திருந்தேன். இரண்டாவது பாதியில் கைப்பிடி இல்லாத கல் படிகள். கணவருக்கு முழங்கால் வலி. அங்கேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்த வழியே திரும்பியிருக்கிறார்கள். மாலையில் என்னிடம் வந்து, "அந்தப் பாதையில் படி இருக்கிறது அம்மா, அடுத்தவருக்குச் சொல்லிவிடுங்கள்" என்று மட்டும் சொன்னார்கள். திட்டியிருந்தால்கூட இவ்வளவு நாள் மனதில் நின்றிருக்காது.

அதிலிருந்து பழக்கப்படுத்திக்கொண்ட முறை இது. அதிகம் கேட்கப்படும் 10 இடங்களைப் பட்டியல் போடுங்கள். மையத்தின் வாசலிலிருந்து ஒவ்வொன்றுக்கும் கையில் வாட்சோடும் சிறு நோட்டோடும் நடந்து போங்கள். எழுத வேண்டியவை:

எத்தனை நிமிடம். சாதாரண நடையில் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 80 மீட்டர் போகலாம், அதாவது 400 மீட்டருக்கு 5 நிமிடம். நமக்கு ஊர் பழக்கம் என்பதால் வேகமாக நடப்போம். குழந்தை, பெட்டி, வயது ஏதாவது ஒன்று சேர்ந்தால் ஒன்றரை மடங்காகக் கணக்குப் போடுங்கள்.

எத்தனை படி, எங்கே ஏற்றம், எங்கே தரை கரடுமுரடு. மலைப் பாதையாக இருந்தால் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் உதவும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னும் ஒரு மணி நேரம். நல்ல உடல்நிலை உள்ளவர் நிற்காமல் நடப்பதற்கான கணக்கு அது. ஓய்வும் போட்டோவும் அதில் சேராது.

கழிவறை, குடிநீர், நிழல், உட்கார இடம். பயணிகள் கூச்சப்பட்டுக் கேட்காமல் போகும் கேள்விகள் இவைதான்.

பஸ் நிறுத்தம் சாலையின் எந்தப் பக்கம். இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். நிறுத்தத்தின் பெயர் ஒன்றுதான், ஆனால் எதிரெதிரே இரண்டு கம்பம். "மருந்துக் கடைக்கு முன்னால் இருக்கும் கம்பம், அதற்கு எதிரே இருப்பதல்ல" என்று சொல்லத் தெரிந்தால் ஒருவருடைய அரை மணி நேரத்தைக் காப்பாற்றுவீர்கள்.

வாசல் எங்கே. மேப் செயலிகள் பெரும்பாலும் கட்டடத்தின் நடுவில் புள்ளி வைக்கும். உள்ளே போகும் வழி பின் தெருவில் இருக்கலாம்.

ஒரே பாதையை இருட்டிலும் ஒரு முறை நடந்து பாருங்கள். விளக்கு இல்லாத பகுதி எது என்று அப்போதுதான் தெரியும். தனியாக வரும் பெண்கள் "ராத்திரி அந்த வழியாக வரலாமா?" என்று கேட்கும்போது யூகத்தில் பதில் சொல்ல நேராது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது முழுதும் திரும்ப நடக்க வேண்டும். பாதை மாறும், நம் நினைவு மாறாது. சிக்கலே அதுதான்.

4. தகவலைத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்

தகவல் பால் மாதிரி, தேதி பார்க்காமல் எடுத்துக் கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் மூன்று விஷயம் இருக்கட்டும்: எப்போது சரிபார்த்தது, யாரிடம் கேட்டது, நம்மில் யார் கேட்டது. கணினியில் ஒரு எளிய அட்டவணை போதும்.

பார்வை நேரத்தை எழுதும்போது திறக்கும் நேரம், மூடும் நேரம் இரண்டோடு நிறுத்தாதீர்கள். கடைசி நுழைவு எப்போது, வார விடுமுறை என்ன, அரசு விடுமுறையில் திறப்பார்களா, சீசன் நேரம் என்றைக்கு மாறுகிறது, ரொக்கம் வாங்குவார்களா, முன்பதிவு கட்டாயமா. இணையத்தில் இருக்கும் நேரத்தை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாமல், போன் போட்டுக் கேளுங்கள். "இந்த வாரம் ஏதாவது மாற்றம் உண்டா?" என்று கேட்பது நல்லது. "வழக்கமான நேரம்தானே?" என்று கேட்டால் எதிர்முனையில் இருப்பவர் யோசிக்காமல் ஆமாம் என்றுவிடுவார்.

தேதி எழுதுவதிலும் கவனம் வேண்டும். 03/04 என்றால் ஒருவருக்கு ஏப்ரல் 3, அமெரிக்கர் ஒருவருக்கு மார்ச் 4. மாதத்தை எப்போதும் எழுத்தில் எழுதுங்கள். நேரத்தை 24 மணிக் கணக்கில் எழுதினால் காலை மாலை குழப்பம் வராது. தூரம், வெப்பநிலையும் இப்படித்தான். 1 மைல் என்பது 1.6 கிலோமீட்டர், 30 டிகிரி செல்சியஸ் என்பது 86 டிகிரி ஃபாரன்ஹீட். இந்த இரண்டும் நாக்கு நுனியில் இருக்கட்டும்.

ஷிஃப்ட் தொடங்கும்போது முதல் அரை மணி நேரத்தை இதற்கே ஒதுக்குங்கள். நேற்றைய பதிவேட்டில் சக ஊழியர் என்ன எழுதி வைத்திருக்கிறார், இன்றைய வானிலை என்ன, எந்தப் பாதை மூடியிருக்கிறது, பஸ் ரயில் ரத்து உண்டா, இன்று என்ன நிகழ்ச்சி, சூரியன் எப்போது மறைகிறது. கடலோர மையம் என்றால் ஏற்றவற்ற நேரமும் சேரும். இதையெல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, மானிட்டருக்குக் கீழே ஒட்டிவிடுவேன். கூட்டம் வந்தபின் தேட நேரம் இருக்காது.

பிரசுர அடுக்கையும் அந்த அரை மணிக்குள் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஏ4 தாளை மூன்றாக மடித்த அளவில் (99க்கு 210 மில்லிமீட்டர்) இருப்பவை தட்டில் மேல் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே காட்டும். போன வருடத்துப் பதிப்பு ஒன்று அடியில் ஒளிந்திருக்கும். தேதி முடிந்த ஒரு பிரசுரத்தை நம் கையால் கொடுத்துவிட்டால், நாம் வாயால் சொன்ன சரியான தகவலையும் அது கெடுத்துவிடும்.

5. கவுண்டரில் பேசும் விதம்

வந்தவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் அவருடைய உண்மையான கேள்வியாக இருக்காது. "மேப் கிடைக்குமா?" என்பார். அவருக்கு வேண்டியது, இந்த நாளை என்ன செய்வது என்பதற்கு ஒரு விடை. மேப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்தவரைப் பார்க்கலாம். அல்லது மேப்பைக் கையில் வைத்துக்கொண்டே நாலு விஷயம் கேட்கலாம்: எவ்வளவு நேரம் இருக்கிறது, கூட யார், எப்படிப் போகிறீர்கள், இதுவரை எதைப் பார்த்தீர்கள். விசாரணை மாதிரி அடுக்காமல் பேச்சோடு பேச்சாகக் கேட்க வேண்டும்.

ஒரு உரையாடலை அப்படியே தருகிறேன்.

"அருவிக்கு எப்படிப் போவது?"

"போகலாம் ஐயா, நல்ல இடம். இன்றைக்கே போகணுமா, நாளைக்கும் இருக்கிறீர்களா?"

"ராத்திரி 8 மணிக்கு ரயில்."

"சரி. கூட யாராவது வந்திருக்கிறார்களா?"

"அம்மா இருக்கிறார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவரால் அதிகம் நடக்க முடியாது."

இப்போது கேள்வியே மாறிவிட்டது. அருவிக்குப் போக பஸ்ஸில் 40 நிமிடம், அதற்கு மேல் 20 நிமிட ஏற்றம். அம்மாவால் முடியாது. ஆனால் பஸ் பாதையில் அருவியைத் தூரத்திலிருந்து பார்க்கும் ஒரு மேடை இருக்கிறது, நிறுத்தத்திலிருந்து பத்தடி. அதைச் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லியிருந்தால், அம்மாவை அடிவாரத்தில் உட்கார வைத்துவிட்டு மகன் தனியாக ஏறியிருப்பார், அல்லது இருவருமே பார்க்காமல் திரும்பியிருப்பார்கள்.

எத்தனை வாய்ப்புகள் சொல்வது? இரண்டு. மிஞ்சினால் மூன்று. பத்து சொன்னால் வந்தவர் வெளியே போய் மறுபடியும் போனில்தான் தேடுவார். "மழை வந்தால் இது, வராவிட்டால் அது" என்று இரண்டுக்கும் ஒரு காரணம் சேர்த்துச் சொன்னால் அவரே முடிவெடுத்துக்கொள்வார்.

இனி மேப். அதை நம் பக்கம் வைத்துக்கொண்டு விரலால் காட்டாதீர்கள். அவருக்கு நேராகத் திருப்பி வையுங்கள், நாம் தலைகீழாகப் படிப்போம். தலைகீழாக எழுதப் பழகுவது கஷ்டம் இல்லை. வீட்டில் ஒரு வாரம் தினமும் பத்து நிமிடம் எண்களையும் அம்புக்குறியையும் தலைகீழாக எழுதிப் பாருங்கள், வந்துவிடும். முதலில் "இப்போது இங்கே நிற்கிறீர்கள்" என்று ஒரு வட்டம். பிறகு எதிரே ஜன்னல் வழியாகத் தெரியும் ஏதாவது ஒன்றைக் காட்டி, மேப்பில் அது எங்கே என்று சொல்லுங்கள். அந்த நொடியில்தான் தாளும் தெருவும் அவர் மனதில் ஒட்டும். பின்பு பாதையைக் கோடாக இழுங்கள். அளவுகோல் 1:10,000 என்றால் 1 சென்டிமீட்டர் 100 மீட்டர், 1:25,000 என்றால் 4 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். ஆனால் வந்தவரிடம் மீட்டரில் சொல்லாதீர்கள், நிமிடத்தில் சொல்லுங்கள்.

கடைசியாக, தாளின் மேல் மூலையில் திரும்பி வரும் கடைசி பஸ்ஸின் நேரத்தைப் பெரிதாக எழுதி வட்டம் போடுங்கள். போகும் வழியை எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள். மாட்டிக்கொள்வது திரும்பி வரும்போதுதான். அதற்குக் கீழே மையத்தின் போன் நம்பர். பென்சில் வேண்டாம், நல்ல பால்பாயிண்ட் பேனா. மழையில் நனைந்தாலும் படிக்க வர வேண்டும்.

புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "எந்த இடத்தில் இறங்குவீர்கள் என்று ஒரு தடவை காட்டுங்களேன்" என்று மேப்பை நீட்டுங்கள். தப்பாகக் காட்டினால், "நான்தான் சரியாகச் சொல்லவில்லை போலிருக்கிறது" என்று இன்னொரு தடவை சொல்லுங்கள். அவருக்குச் சங்கடம் இருக்காது.

6. மொழி தெரியாதவர் வந்தால்

சத்தமாகப் பேசுவதால் மட்டும் மொழி புரிந்துவிடாது. சின்ன வாக்கியம், மெதுவான வேகம், எண்களைத் தாளில் எழுதிக் காட்டுவது. மொழிபெயர்ப்புச் செயலியைப் பயன்படுத்தும்போது அது தந்ததை மறுபடி நம் மொழிக்குத் திருப்பிப் பாருங்கள், அர்த்தம் மாறியிருந்தால் தெரிந்துவிடும். இடம் வலம் சொல்லும்போது நாமே அந்தத் திசையில் உடம்பைத் திருப்பிக் கையை நீட்டினால் வார்த்தையே தேவைப்படாது.

சைகையை முழுதாக நம்பிவிட வேண்டாம். பல்கேரியாவில் தலையை மேலும் கீழும் ஆட்டினால் இல்லை என்று பொருள். சீனாவில் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் மட்டும் நீட்டினால் அது 6. எண்ணைத் தாளில் எழுதிவிடுவதே பாதுகாப்பு.

7. "எது நல்லா இருக்கும்?"

தினமும் கேட்பார்கள். ஹோட்டல், உணவகம், படகு, வழிகாட்டி எல்லாவற்றுக்கும். பல மையங்களில் தனியார் இடம் எதையும் தனித்துப் பரிந்துரைக்கக் கூடாது என்று விதி இருக்கும். அப்படியிருந்தால் "எனக்குச் சொல்ல அனுமதி இல்லை" என்று முடித்துவிடாதீர்கள், அது வந்தவரைக் கைவிடுவதாகும். விலை, தூரம், அமைதி, குழந்தைகளுக்கு வசதி என்று அவருக்கு எது முக்கியம் என்று கேட்டு, அந்தத் தேவைக்குப் பொருந்தும் எல்லா இடத்தையும் சொல்லுங்கள். தேர்வு அவருடையது.

விளம்பரத்துக்குப் பணம் கொடுத்த இடத்தின் பிரசுரத்தை எடுத்துக் கொடுக்கும்போது "இது அவர்கள் போட்ட விளம்பரம்" என்று ஒரு வார்த்தை சேருங்கள். கடைக்காரர்கள் அன்போடு தரும் பரிசு, இலவசச் சாப்பாடு எதையும் வாங்க வேண்டாம். வாங்கிய மறுநாள் உங்கள் கை தானாகவே அந்தப் பிரசுரத்தை நோக்கிப் போகும்.

8. உடல் சார்ந்த தேவைகள்

"சக்கர நாற்காலி போகுமா?" என்று கேட்டால் "போகும்" என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லாதீர்கள். வாசலில் ஒரு படி, 12 சென்டிமீட்டர் உயரம். கதவு அகலம் 80 சென்டிமீட்டர். கழிவறை முதல் மாடியில், லிஃப்ட் உண்டு. இப்படி அளவைச் சொன்னால் போதும், அவர் நாற்காலிக்குப் போகுமா என்பதை அவரே முடிவு செய்வார். இந்த வழிகாட்டியின் மூன்றாம் பகுதியில் ஊரை நடந்து பார்த்தபோது அளவு நாடாவும் கையில் இருந்திருக்க வேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டேன்.

கூட வந்தவரிடம் பேசாமல் நாற்காலியில் இருப்பவரிடமே பேசுங்கள். உயரமான கவுண்டராக இருந்தால் வெளியே வந்து பேசுங்கள். வெளியே தெரியாத குறைபாடுகளும் உண்டு. 2016இல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கி இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது ஒரு பழக்கம்: சூரியகாந்திப் பூ போட்ட பச்சை நிறக் கழுத்துப் பட்டை. அதை அணிந்தவர் வந்தால் என்ன பிரச்சினை என்று கேட்க வேண்டியதில்லை. கொஞ்சம் கூடுதல் நேரம், கொஞ்சம் அமைதி, தெளிவான வாக்கியம் கொடுங்கள்.

9. விஷயம் விபரீதமாகும்போது

வேலையின் கனமான பகுதி இது. பாஸ்போர்ட் தொலைந்தது என்று ஒருவர் நடுங்கிக்கொண்டு வருவார். முதலில் உட்கார வையுங்கள், தண்ணீர் கொடுங்கள். பையை இன்னொரு தடவை நிதானமாகப் பார்க்கச் சொல்லுங்கள், பலருக்கு அதிலேயே கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் வரிசை இதுதான்: வங்கி அட்டைகளும் போயிருந்தால் அவற்றை முடக்கப் போன், அடுத்து காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அதன் எழுத்துச் சான்று, அதோடு அவர் நாட்டுத் தூதரகம். பாஸ்போர்ட்டும் பயண ஆவணமும் தருவது துணைத் தூதரகத்தின் பணி என்று துணைத் தூதரக உறவுகளுக்கான 1963ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தமே சொல்கிறது. அவசரப் பயண ஆவணம் அவர்கள்தான் தர முடியும், நாம் முடியாது, காவல்துறையும் முடியாது. அதிகம் வரும் நாடுகளின் தூதரக நம்பர்களை, இரவு அவசர எண்ணோடு சேர்த்து, ஒரே தாளில் வைத்திருங்கள். வருடத்துக்கு இரண்டு தடவை அந்த எண்களுக்குப் போன் போட்டுச் சரிபாருங்கள்.

பதற்றத்தில் இருப்பவர் தன் சொந்த நாட்டு அவசர எண்ணைத்தான் அழுத்துவார். அமெரிக்கர் 911, பிரிட்டனிலிருந்து வந்தவர் 999, ஆஸ்திரேலியர் 000. நீங்கள் இருக்கும் நாட்டின் எண்ணை மேப்பிலேயே அச்சடித்திருந்தால் நல்லது, இல்லாவிட்டால் எழுதிக் கொடுங்கள்.

வழி தவறிய குழந்தை வந்தால் தனி அறைக்குக் கூட்டிப் போகாதீர்கள். எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இரண்டு ஊழியர்களாக இருந்து, காவல்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். குழந்தையின் பெயரை உரக்க அறிவிக்க வேண்டாம். தேடி வருகிறவரே பெயரையும் அடையாளத்தையும் சொல்லட்டும்.

புகார்கள் வேறு ரகம். ஹோட்டல் அறை சரியில்லை, படகுக்காரர் அதிகம் வாங்கிவிட்டார். நாம் அந்த ஹோட்டல் அல்ல, ஆனால் வந்தவர் கண்ணுக்கு நாம்தான் இந்த ஊர். குறுக்கிடாமல் கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள், எழுதியதை வாசித்துக் காட்டுங்கள். யாரிடம் முறையிட வேண்டும் என்ற முகவரியைக் கொடுங்கள். "பணம் திரும்பக் கிடைக்கும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நம் கையில் இல்லாததை வாக்குக் கொடுத்தால் இரண்டாவது ஏமாற்றம் நம்மால் வந்ததாகிவிடும்.

10. போன், மின்னஞ்சல், ரகசியம்

போனில் பேசுகிறவர் கையில் மேப் இல்லை. ஆகவே வழியை மூன்று கட்டத்துக்கு மேல் நீட்டாதீர்கள், மீதியை மின்னஞ்சலில் அனுப்புங்கள். மின்னஞ்சலுக்கு அன்றைக்கே பதில் போடப் பாருங்கள். அடிக்கடி வரும் கேள்விக்குத் தயார் பதில் வைத்திருக்கலாம். ஆனால் அனுப்பும் முன் அதிலுள்ள நேரமும் தேதியும் இந்த வருடத்தினுடையதா என்று பாருங்கள்.

யார் எந்த ஹோட்டலில் தங்குகிறார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். "என் நண்பர் இங்கே வந்தாரா, எங்கே தங்கியிருக்கிறார்?" என்று யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். முன்பதிவுச் சீட்டைக் கவுண்டரில் திறந்து வைக்காதீர்கள். கணினித் திரை வந்தவர் பக்கம் திரும்பியிருந்தால் முந்தைய ஆளின் விவரத்தை மூடிவிட்டுத்தான் அடுத்தவரைக் கூப்பிட வேண்டும்.

11. பதில் சொல்ல முடியாத கேள்விகளை எண்ணுங்கள்

பல மையங்களில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவார்கள். அதைவிடப் பயனுள்ளது, நம்மால் பதில் சொல்ல முடியாமல் போன கேள்விகளைக் குறித்து வைப்பது. கவுண்டருக்குக் கீழே ஒரு தாள், கேள்வி ஒரு பக்கம், எதிரே கோடு. நான் வேலை பார்த்த ஒரு மையத்தில் ஒரே வாரத்தில் 14 கோடு விழுந்த கேள்வி: "பெட்டியை எங்கே வைத்துவிட்டுப் போகலாம்?" எங்களிடம் பதில் இல்லை. அந்தத் தாளை அப்படியே மேலாளரிடம் கொண்டுபோனோம். ரயில் நிலையத்தோடு பேசி, பூட்டும் பெட்டிகள் வர எட்டு மாதம் ஆனது. வெறும் வாயால் சொல்லியிருந்தால் வந்திருக்காது.

தெரியாத கேள்விக்கு யூகித்துப் பதில் சொல்வதுதான் இந்த வேலையில் பெரிய தவறு. "எனக்குத் தெரியவில்லை, ஒரு நிமிடம் இருங்கள், கேட்டுச் சொல்கிறேன்" என்று போனை எடுங்கள். அந்த ஒரு நிமிடம் யாரும் கோபித்து நான் பார்த்ததில்லை.

12. நூறாவது தடவை

கழிவறை எங்கே என்று சீசனில் ஒரு நாளைக்கு நூறு பேர் கேட்பார்கள். கேட்பவருக்கு அது முதல் தடவை. குரலில் சலிப்பு தெரியத் தொடங்கினால் சக ஊழியரிடம் சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் பின்னால் போய் வாருங்கள், தண்ணீர் குடியுங்கள். நின்றே செய்யும் வேலை, செருப்பில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கவுண்டர் வேலையும் பின்னறை வேலையும் மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு இருந்தால் குரலும் காலும் தாங்கும்.

13. கதவைப் பூட்டுவதற்கு முன்

மூடுவதற்கு 5 நிமிடம் இருக்கும்போது ஒருவர் மூச்சிரைக்க ஓடி வருவார். இன்று இரவு தங்க இடம் இல்லாதவராக இருக்கலாம். கணினியை அணைத்துவிட்டோம் என்று சொல்லாதீர்கள். அதனால் அதைக் கடைசியாக அணையுங்கள்.

மூடிய பிறகும் ஆட்கள் வருவார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லப் போவது கண்ணாடி மட்டும்தான். உள்பக்கத்திலிருந்து வெளியே பார்த்தபடி ஒட்ட வேண்டியவை: ஊர் மேப், அதில் "இங்கே நிற்கிறீர்கள்" என்ற வட்டம், இன்றைய கடைசி பஸ்ஸும் ரயிலும், அவசர எண், இரவு திறந்திருக்கும் மருந்துக் கடை, நாளை நாம் திறக்கும் நேரம். விளக்கை அணையுங்கள். கதவைப் பூட்டிவிட்டு வெளியே நின்று, தெரு விளக்கு வெளிச்சத்தில் அதைப் படித்துப் பாருங்கள். எழுத்து தெரியாவிட்டால் மறுபடி உள்ளே போய்ப் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.